இட்லிப் பானையில் வெந்த கடைசிப் பக்கம்

அக்கா வீட்டு அடுப்பில் இட்லிப் பானை ஏற்றியிருந்தது. தண்ணீர் கொதித்து, ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஆனால் உள்ளே இட்லி இல்லை, தட்டும் இல்லை. இரண்டு கையிலும் பிடிதுணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு பழைய பைண்டு புத்தகத்தின் முன்னட்டையை நான் ஆவியில் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் அக்கா தோசைத் திருப்பியுடன் நின்றாள். அது தோசைக்கு அல்ல. அட்டையில் ஒட்டியிருந்த தாள் இளகினால் நுனியை நெம்பி எடுப்பதற்கு. தேவைப்பட்டால் என் கையில் ஒன்று வைப்பதற்கும் அதுவே போதும் என்று அவள் முகம் சொன்னது.

"கிழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ, இன்னும் மூணு வருஷம் பேசமாட்டேன்" என்றாள்.

ஏற்கெனவே மூன்று வருஷம் முடிந்திருந்தது. அப்போது மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், துண்டால் தலையைத் துவட்டியபடி சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார். பானையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்க வந்தவர், கேட்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அறுபதைத் தொட்ட இரண்டு பெண்கள் காலை ஒன்பது மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் ஏன் புத்தகத்தை வேகவைத்தார்கள் என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பத்திரிகை, இரண்டு பேர்

எங்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு வாரப் பத்திரிகைதான் வரும். அப்பா படித்து, அம்மா படித்து, எதிர்வீட்டுக்கு ஒரு நாள் போய்த் திரும்பி வந்த பிறகு, அது எனக்கும் அக்காவுக்கும் சொந்தம். நாங்கள் பின்னைப் பிடுங்கி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து, அரிசி டின்னுக்கு அடியில் வைப்போம். கதை முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி பைண்டரிடம் கொடுத்தால், காலிகோத் துணியில் முதுகு வைத்த புத்தகமாக வந்துவிடும். அப்படிச் சேர்க்காத வீடு எங்கள் தெருவில் கம்மி.

ஒரு கதை ஒருத்திக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த வருஷம் என் பங்கு 'லோகநாயகியின் தபால்'. எழுதியவர் பெயர் சுகந்தா என்று போட்டிருக்கும். அது ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கதை முடிந்த அதே இதழில் அடுத்த தொடர் ஆரம்பித்தது. 'கோடி வீட்டுப் பூட்டு' என்று பெயர். அது அக்காவின் பங்கு.

வினை அங்கேதான் வந்தது. என் கதையின் கடைசிப் பக்கமும் அவள் கதையின் முதல் பக்கமும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக அமைந்துவிட்டன.

ஜெராக்ஸ் என்ற சொல்லே ஊருக்கு வராத காலம். நான் தாளின் ஒரு மூலையைப் பிடித்தேன், அவள் மறு மூலையைப் பிடித்தாள். வழக்கு அப்பாவிடம் போனது. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னார். சின்னவள் கதை முடிந்துபோனது, அதைப் படித்தாகிவிட்டது. பெரியவள் கதை இப்போதுதான் ஆரம்பிக்கிறது, தலைப்பில்லாமல் எப்படிப் படிப்பாள்? ஆகவே தாள் பெரியவளுக்கு.

இதைவிட அநியாயமான தீர்ப்பை நான் பிற்பாடு கலெக்டர் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தபோதுகூடக் கண்டதில்லை. அங்கே மேல்முறையீடாவது உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி

ஓய்வுபெற்ற நாளில் எனக்குப் போட்ட ஒன்பது சால்வைகளைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அவற்றை மடித்து வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டில், எந்த ஜன்னலில் எப்போது மலை தெரிகிறது என்று பார்ப்பதும், மருமகள் எப்போது காய் நறுக்கக் கூப்பிடுவாள் என்று காத்திருப்பதுமாக இருந்தேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக் கடையின் மாடியில் வாசிப்பு வட்டம் நடக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நடத்துபவர் மகேஷ் என்ற கல்லூரித் தமிழ் ஆசிரியர். யாரும் இப்போது படிக்காத பழைய நாவல்களைத் தேடிப்பிடித்துப் படிப்பதுதான் வட்டத்தின் நோக்கம். போய் உட்கார்ந்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள், ஒன்பது நாற்காலி இருந்தது. எனக்காகவே போட்டுவைத்த மாதிரி இருந்தது.

முதல் நாள் மகேஷ் ரொம்ப வருத்தமாகப் பேசினார். புத்தகமாக வந்தவைகூடப் பரவாயில்லை, எங்காவது ஒரு நூலகத்தில் கிடைத்துவிடும். தொடராக வந்து, புத்தகமாக வராமலே காணாமல் போன நல்ல கதைகள் எத்தனை இருக்கும், அவற்றை எங்கே போய்த் தேடுவது என்றார்.

கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம். தூக்கிவிட்டேன்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு சார். முழுசா இருக்கு. எனக்கு வரிக்கு வரி தெரியும்" என்றேன்.

இந்த மூன்று வாக்கியங்களில் முதலாவது மட்டும் உண்மை. அந்தப் புத்தகத்தைப் பிரித்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

தபால்காரரின் ஆட்சேபணை

அடுத்த ஞாயிறிலிருந்து வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் நானே வாசித்தேன். கதை இதுதான். லோகநாயகி ஒரு சின்ன ஊர்த் தபாலாபீசில் வேலை செய்கிறாள். வரதராஜு என்பவருக்கு ஒரு கடிதம் வருகிறது. ஆள் ஒரு மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எழுதியிருப்பது பங்கஜம் என்ற பெண். பத்து வருஷத்துக்கு முன்னால் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள், இப்போது மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள். 'இறந்துவிட்டார்' என்று குறித்துத் திருப்பி அனுப்ப லோகநாயகிக்கு மனசு வரவில்லை. அவர் எழுதுகிற மாதிரி தானே ஒரு பதில் போட்டுவிடுகிறாள். அதற்குப் பதில் வருகிறது. இவள் மறுபடி எழுதுகிறாள். இப்படியே போய், ஒரு நாள் பங்கஜம் நேரில் பார்க்க ரயிலேறி வருகிறாள்.

எங்கள் வட்டத்தில் ஆறுமுகம் சார் என்று ஒருவர். தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். முதல் அத்தியாயம் முடிந்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கிறது குத்தம்மா. அன்னிக்கே சஸ்பெண்ட் ஆயிருப்பா. அப்புறம் ஏது கதை?"

இதே ஆட்சேபணையை அவர் எல்லா வாரமும் எழுப்பினார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் முதலில் வந்து, எனக்கு எதிர் நாற்காலியைப் பிடித்து வைப்பவரும் அவர்தான். நடுவில் ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். லோகநாயகிக்கு வேலை போகுமா போகாதா என்பதை மட்டும் சொல்லச் சொல்லி வீட்டுக்கே போன் செய்தார்.

எனக்கு அந்த மூன்று மாதம் எப்படி இருந்தது என்றால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மகேஷ் என்னை 'அம்மா' என்று கூப்பிடுவதை விட்டு 'நம்ம அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். காபிக் கடைக்காரர் எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியாகக் கேட்காமலே போட்டுத் தந்தார். முப்பத்திரண்டு வருஷம் கோப்பு எழுதினேன், யாரும் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஆவலாகக் கேட்டதில்லை.

கடைசி அத்தியாயம் வாசிக்க வேண்டிய ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியானம், எப்படி முடிகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று புத்தகத்தைப் பிரித்தேன். ரயில் வந்து நிற்கிறது. பங்கஜம் டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறாள். லோகநாயகி அவள் எதிரே போய் நிற்கிறாள். கடைசி வரி இது: 'லோகநாயகி வாயைத் திறந்து'.

அடுத்தது பைண்டர் ஒட்டிய வெள்ளைத் தாள். அதற்கடுத்தது அட்டை.

அப்போதுதான் அப்பாவின் தீர்ப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், தாளின் எந்த மூலையை நான் பிடித்தேன், அக்கா என்ன பாவாடை கட்டியிருந்தாள், எல்லாம் ஞாபகம் இருந்தது. கதையின் முடிவு மட்டும் துளிகூட ஞாபகமில்லை. அன்றைக்கு நான் சண்டையைத்தான் ஊன்றிப் படித்திருக்கிறேன்.

மேற்படி அம்மாள்

மறுநாள் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'முழுசா இருக்கு, வரிக்கு வரி தெரியும்' என்று சொன்ன வாய் இது. ஆறுமுகம் சாரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நானே முடிவை எழுதிவிட்டேன்.

என் முடிவில் லோகநாயகி உண்மையைச் சொல்லவில்லை. உங்களை நினைத்துக்கொண்டே நேற்றுத்தான் நிம்மதியாகக் கண்ணை மூடினார் என்று பொய் சொல்கிறாள். பங்கஜம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுகிறாள், அடுத்த ரயிலில் திரும்பிப் போகிறாள். லோகநாயகி கையசைக்கிறாள்.

தாளைப் புத்தகத்துக்குள் வைத்து, பழுப்புப் பக்கத்தைப் படிப்பது போலவே தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன். முடித்ததும் மூன்று மாதமாக வந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்தார். அவருக்குத் தமிழ் முக்கால்வாசி புரியாது. ஆறுமுகம் சார் மட்டும் என்னையே பார்த்தபடி காபியைக் குடித்தார்.

மகேஷ், இதை வட்டமே நூறு பிரதி அச்சடிக்க வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று நாளில் ஒரு கட்டுரையும் எழுதி எல்லோருக்கும் போனில் அனுப்பிவிட்டார். அதில் என் முடிவைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். 'மேற்படி அம்மாள் மேற்கண்ட பெட்டியுடன் ரயிலில் ஏறினாள்' என்ற வரியை எடுத்துப் போட்டு, உணர்ச்சி உச்சத்தில் அலுவலக மொழியைக் கையாண்டு சுகந்தா செய்திருக்கும் புதுமை அந்தக் காலத்தில் வேறு யாரும் எண்ணிக்கூடப் பார்க்காதது என்று எழுதியிருந்தார்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மேற்படியும் மேற்கண்டவும் இல்லாமல் எனக்கு ஒரு வரி எழுத வராது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

டைப் அடிக்கக் கொடுக்கப் புத்தகம் வேண்டும் என்று மகேஷ் கேட்டார். பைண்டிங் விட்டுப்போயிருக்கிறது, சரிசெய்து அடுத்த ஞாயிறு தருகிறேன் என்றேன். ஒரு வாரம் தவணை கிடைத்தது. வாயால் வாசித்தது காற்றோடு போகும். அச்சில் ஏறினால், யாரோ ஒரு சுகந்தா எழுதிய கதைக்கு என் பொய் காலத்துக்கும் வாலாகத் தொங்கும்.  உண்மையான தாள் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அங்கே போவதுதான் கஷ்டம்.

சாப்பிடாமல் போனவர்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவி, அக்காவுக்குத்தான் முதலில் கொடுத்தேன். நான் வீடு வந்து சேருவதற்குள் அவளிடமிருந்து போன் வந்துவிட்டது. பத்திரிகையில் சித்தப்பா பெயர் இருக்கிறது, அத்தை மாமா பெயர் இருக்கிறது, எங்கள் சம்பந்தி வீட்டு டிரைவர் பெயர்கூட இருக்கிறது. பையனின் பெரியப்பா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர் பெயர் மட்டும் இல்லை.

பிரஸ்காரன் விட்டுட்டான்கா என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமலே வந்தது.

அக்காவும் மாமாவும் கல்யாணத்துக்கு வந்தார்கள். தாலி கட்டியதும் அட்சதை போட்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பிடாமல் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் போன் இல்லை, கார்த்திகை தீபத்துக்கும் போன் இல்லை.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். சோமாசிபாடி தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர், காரணம் கேட்பார். அதனால் இறங்கவில்லை.

அக்கா களத்தில் வேர்க்கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. ஆனால் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். மாமாதான் வாம்மா வாம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனவர் அவர்தான், ஆனால் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது. அவருக்கும் சேர்த்து அக்கா கோபித்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வாசிப்பு வட்டம், வெள்ளைத் தாள், ஜெர்மன்காரப் பெண்மணி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அக்கா நடுவில் ஒரு தடவை சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

"அப்ப நீ என்னைப் பாக்க வரல. புக்கைப் பாக்க வந்திருக்கே" என்றாள்.

பிறகு அவளே உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்து, 'கோடி வீட்டுப் பூட்டு' புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டை மங்காமல், பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தாள். ஆவலாகப் பிரித்தேன். அட்டையின் உட்பக்கத்திலேயே அவள் கதையின் முதல் பக்கம் இருந்தது. என் கதை அதற்குப் பின்னால். அதாவது அட்டையைப் பார்த்தபடி. பைண்டர் அந்தப் பக்கத்தில் பசையைப் பூசி, அட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தார்.

லோகநாயகி திறந்த வாயில் மைதாப் பசையைப் போட்டு மூடியிருந்தது.

ஆவி

பிய்க்க விடமாட்டேன் என்று அக்கா புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நான் கெஞ்சினேன். கடைசியில் குளிக்கக் கிளம்பிய மாமாதான், தபாலில் முத்திரை விழாத ஸ்டாம்பை ஆவி காட்டி எடுப்பார்களே, அப்படி எடுத்தால் கிழியாது என்று யோசனை சொன்னார். ஆறுமுகம் சார் கேட்டிருந்தால் மாமாவையும் சஸ்பெண்ட் செய்திருப்பார்.

ஆக, இட்லிப் பானை ஏறியது. நான் முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

பசை பழைய பசை. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து கிண்டியது. லேசில் விடவில்லை. என் இரண்டு புறங்கையும் சிவந்துவிட்டது. தாளின் ஒரு நுனி மெதுவாக எழும்பியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தோசைத் திருப்பியை உள்ளே விட்டாள். இட்லி எடுத்துப் பழகிய கை, அவசரப்படவில்லை. அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று தாள் கழன்று வந்தது. கீழ் மூலையில் ஒரு எட்டணா அளவு மட்டும் அட்டையிலேயே தங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

கையோடு வந்துவிட்ட தாளை ஒரு தட்டில் விரித்து, ஃபேனைச் சின்னதாக வைத்தோம். அக்காதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். அவளும் சின்ன வயதில் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லையாம். புதுக்கதை ஆரம்பிக்கிற அவசரத்தில் நேராகப் பின்பக்கத்துக்குப் போய்விட்டாளாம்.

லோகநாயகி வாயைத் திறந்து ஏதோ சொல்ல வருகிறாள். பங்கஜம் கையைக் காட்டி நிறுத்துகிறாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், முதல் கடிதத்தில் சந்தேகப்பட்டேன், இரண்டாவது கடிதத்திலேயே அவர் இல்லை என்று தெரிந்துவிட்டது என்கிறாள். அப்படியானால் ஏன் இத்தனை கடிதம் எழுதினீர்கள் என்று லோகநாயகி கேட்கிறாள். என்றைக்காவது நீயாக உண்மையை எழுதுவாய் என்று பார்த்தேன், நீ எழுதவில்லை, அதனால் நானே கிளம்பி வந்துவிட்டேன் என்று பங்கஜம் சொல்கிறாள். பிறகு டிரங்குப் பெட்டியை அவள் கையில் கொடுத்து, எனக்குப் பசிக்கிறது, பக்கத்தில் ஓட்டல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள். அவ்வளவுதான். முற்றும்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். பானையில் தண்ணீர் வற்றிச் சத்தம் கேட்டது. யாரும் போய் அணைக்கவில்லை.

 என் முடிவில் நான் பங்கஜத்தை அழவிட்டு ரயிலேற்றி அனுப்பியிருந்தேன். சுகந்தா அவளைச் சாப்பிடக் கூட்டிப்போயிருக்கிறார்.

"அக்கா, பிரஸ்காரர் விடல. ப்ரூஃப் பாத்தது நான்தான். நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே தெரியுமாம். அந்த அச்சகக்காரர் வேறு ஒரு வீட்டுப் பத்திரிகை கொடுக்கக் கீழ்பென்னாத்தூர் வந்திருக்கிறார். அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே அவரை மடக்கிப் பிடித்துச் சண்டைக்குப் போயிருக்கிறாள். பாவம், மனிதர் இப்படிப்பட்ட சண்டைகளுக்கென்றே பையில் வைத்திருந்த ப்ரூஃப் தாள்களில் எங்களுடையதை எடுத்துக் காட்டியிருக்கிறார். கீழே என் கையெழுத்து. அதன் மேலே, ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் எழுதிய அதே பழக்கத்தில், 'சரிபார்க்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

"பின்ன ஏன்க்கா அன்னிக்கே கேக்கல?"

"பேரு விட்டுப்போனதுக்கா நான் சாப்பிடாம வந்தேன்? மறந்துட்டேன்க்கான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல் பந்தியில உக்காந்து ரெண்டு தரம் பாயசம் வாங்கியிருப்பேன். நீயா சொல்றியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு வருஷம் ஆச்சு."

நான் அழுதேன். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் என்றும் பார்க்காமல் அழுதேன். அக்கா எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தட்டை எடுத்து மாவு ஊற்றினாள். அன்று நான் ஒன்பது இட்லி சாப்பிட்டேன். கொஞ்சம் பழைய பசை வாடை அடித்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. இந்த ஒரு பொய்க்கு எனக்கு மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

சரிபார்க்கப்பட்டது

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு வட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அக்கா அந்தத் தாளை வாசித்தாள். மகேஷ் தன் கட்டுரையை நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை.

ஆறுமுகம் சாரிடம் போய்த் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பவே தெரியும்மா. எந்தக் கதையில 'மேற்படி அம்மாள்'னு வரும்? நானும் கவர்மென்ட்ல இருந்தவன்தானே" என்றார். ஏன் சார் அப்போதே சொல்லவில்லை என்றேன். லோகநாயகியை யாராவது காட்டிக்கொடுத்தார்களா என்று திருப்பிக் கேட்டார். மூன்று மாதம் அவளை சஸ்பெண்ட் செய்யச் சொன்னவர் இவர்தான்.

தாளை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, அசலை அக்கா புத்தகத்திலேயே, இந்த முறை ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். நூறு பிரதி அச்சாகிவிட்டது. சுகந்தாவைத் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போகும் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறோம். இன்னும் யாரும் வரவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும் என்றார்கள். நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். அதே அச்சகத்துக்குத்தான் போனேன். அச்சகக்காரர் என்னைப் பார்த்ததும் ப்ரூஃபை இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். முதல் பெயராக, தடித்த எழுத்தில், மாமா பெயர். விழாவில் முதல் பிரதியைப் பெறுபவர் அவர்தான். அடுத்து அக்கா, மகேஷ், ஆறுமுகம் சார், ஜெர்மன்காரப் பெண்மணி. காபிக் கடைக்காரரையும் விடவில்லை. வழக்கப்படி கையெழுத்துப் போட்டேன். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு, பஸ் ஏறிப் போய் அக்காவிடம் ஒரு தடவை காட்டினேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வந்தாள். மாமா பெயரில் விரல் ஒரு நிமிஷம் நின்றது. மறுபடியும் மேலிருந்து கீழே வந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் தாளை என் மடியில் போட்டாள்.

"எல்லார் பேரும் இருக்குடி. கதை எழுதின சுகந்தா பேரு எங்க?"

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. கீழே, என் கையெழுத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில் இருந்தது: சரிபார்க்கப்பட்டது.